சிப்பிப்பாறைக் குட்டி வாங்குவதற்கு முன்னால்

“அண்ணே, நல்ல சிப்பிப்பாறைக் குட்டி எங்க கிடைக்கும்?”

எங்கள் வீட்டு நாயைப் பார்த்தவர்கள் பலரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அடுத்தது விலை. அதற்கடுத்தது கடுவன் நல்லதா, பெட்டை நல்லதா என்பது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அப்போதே கோவில்பட்டிப் பக்கம் வண்டியைக் கிளப்பத் தயாராக இருக்கிறார்கள். அந்த நாய்க்கு என்னென்ன வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நானாக எடுத்துச் சொன்னால், “நாட்டு நாய்தானே, அது பாட்டுக்கு வளர்ந்திரும்” என்கிறார்கள்.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. நாட்டு நாய் அது பாட்டுக்கு வளராது. அப்படி வளர்ந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற காலத்தில் அதற்கு ஒரு காடு இருந்தது, ஒரு வேலை இருந்தது, நாள் முழுக்கக் கூடவே ஒரு மனிதர் இருந்தார். மூன்றையும் விட்டுவிட்டு நாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த மூன்றின் இடத்தையும் நாம்தான் நிரப்ப வேண்டும்.

நாட்டு நாய்களின் பெயர் இன்று ஊரெல்லாம் தெரிந்திருப்பதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளைகளோடு சேர்த்து நாய்களைப் பற்றியும் பேச ஆரம்பித்தோம். அதே ஆண்டில் தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே கொண்டுவந்தார். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பெருமைக்காக வாங்குகிற குட்டி ஆறு மாதத்தில் இரண்டடி உயரத்துக்கு நெருங்கிவிடும். அப்போது அது நிற்பது மூன்றாவது மாடி பால்கனியாக இருந்தால், அந்தப் பெருமையால் அதற்கு என்ன பயன்?

அதன் பாட்டன் பார்த்த வேலை

எந்த இனத்து நாயாக இருந்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: அதன் முன்னோர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? நிறம், உயரம், காது, வால் எல்லாம் அதற்குப் பிறகு.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊர். அந்த ஊர் இருப்பது கரிசல் பூமி. மழை குறைவு, மரமும் குறைவு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. புதருக்குள்ளிருந்து ஒரு முயல் கிளம்பினால், மண்ணை மோந்துகொண்டு பின்னாலேயே போகிற நாய் அங்கே உதவாது. தூரத்து அசைவைக் கண்ணால் பிடித்து, அந்தக் கணமே முழு வேகத்தில் பாய்கிற நாய்தான் வேண்டும். அப்படிப் பாய்ந்த கடுவனையும் பெட்டையையும் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். வேட்டை இல்லாத நேரத்தில் அதே நாய் தோட்டத்தையும் வீட்டையும் காத்தது. கன்னியும் இதே வழியில் வந்ததுதான். கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் மார்பிலும் காலிலும் செம்பழுப்பு ஓடியிருக்கும்.

இன்று முயல் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் வேட்டையைத்தான் நிறுத்தியது. நாயின் கண்ணும் காலும் நெஞ்சும் அந்த வேலைக்கு அமைந்தபடியேதான் இன்றும் பிறக்கின்றன. நீங்கள் வாங்கப்போவது வேலை இல்லாமல் நிற்கும் ஒரு வேட்டைக்காரரை.

கண்டதும் பாய்ச்சல்

சிப்பிப்பாறையின் நீண்ட, ஒடுங்கிய முகம் அழகுக்காக வந்ததில்லை. நீண்ட மண்டை உள்ள நாய்களுக்கு விழித்திரையின் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டை போல அடர்ந்திருக்கும். தொடுவானத்தை ஒட்டி எங்கே எது அசைந்தாலும் அந்தக் கண் பிடித்துவிடும். பக் போன்ற குட்டை முக நாய்களுக்கு அந்த அணுக்கள் விழித்திரையின் நடுவில் குவிந்திருக்கும். இரண்டு நாய்களும் ஒரே தெருவைப் பார்த்தாலும், கண்ணில் படுவது ஒன்றாக இருக்காது.

ஓட்டமும் அப்படித்தான். முழுப் பாய்ச்சலில் இந்த வகை நாயின் நான்கு கால்களும் ஒரே தாவலில் இரண்டு முறை தரையை விட்டு எழும்பும்: உடம்பு வில்லாக வளைந்திருக்கும்போது ஒரு முறை, நீண்டு விரியும்போது இன்னொரு முறை. பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது அந்தக் கண்ணையும் காலையும் உங்கள் தெருவில் வைத்துப் பாருங்கள். அணில் ஓடும், பூனை மதிலேறும், பக்கத்து வீட்டுக் கோழி மேயும், பையன்கள் சைக்கிளில் விரைவார்கள். நாயின் பார்வை ஒன்றின்மேல் பதிந்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. பயிற்சி கொடுத்தால் ஓரளவு படியும். கட்டாயம் கொடுக்கவும் வேண்டும். ஆனால் “கூப்பிட்டா வந்துரும்” என்று நம்பிச் சாலையோரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. எதிரே லாரி வருகிறதா என்பதை அந்த நேரத்தில் அது பார்க்காது.

ஆகவே சுற்றிலும் அடைப்புள்ள இடம் தேவை. மதில் ஆளுயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மொட்டை மாடியில் தனியாக விடாதீர்கள். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் காக்கை உட்கார்ந்தால்கூடப் பாய்ந்துவிடும். கழுத்துப்பட்டையிலும் கவனம் வேண்டும். இதன் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணப் பட்டை பின்பக்கமாக இழுத்தால் சுலபமாகக் கழன்றுவிடும். அகலமான, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகுகிற பட்டையோ, மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ நல்லது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. வேட்டை நாய் என்றால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று பயப்படுகிறார்கள். இது நெடுந்தூர ஓட்டக்காரர் இல்லை. குறைந்த தூரம், முழு வேகம், பிறகு நீண்ட ஓய்வு என்பதுதான் இதன் இயல்பு. காலையும் மாலையும் நல்ல நடை, தினமும் ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தில் கட்டவிழ்ந்த ஓட்டம், இவ்வளவு கிடைத்துவிட்டால் பகலில் பெரும்பகுதி தூங்கும். கிடைக்காவிட்டால் செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும், ஓயாமல் ஊளையிடும். அதைச் சேட்டை என்று திட்டுகிறோம். செலவாகாத பாய்ச்சல்தான் அப்படி வெளியே வருகிறது.

ஓட்டம் கொடுக்கிறேன் என்று பைக்கில் கட்டி இழுத்துப் போகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு வயது வரையாவது எலும்பின் நுனிகள் வளர்ந்துகொண்டிருக்கும். தார்ச்சாலை ஓட்டம் அவற்றைப் பாழாக்கும். வெயில் ஏறிய சாலையில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். உங்கள் பாதம் தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது.

விலா தெரிகிற உடம்பு

“என்னப்பா, சோறு போடுறதில்லையா?” சிப்பிப்பாறை வளர்க்கிற எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். விலா எலும்புகள் சில தெரிவதும், வயிறு ஒட்டி மேலேறியிருப்பதும், இடுப்பெலும்பு லேசாகத் துருத்துவதும் இந்த இனத்துக்கு ஆரோக்கியத்தின் அடையாளம். ஊர் வாய்க்குப் பயந்து தீனியைக் கூட்டினால் மூட்டுகள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

அந்த மெலிவுக்கும் சில தேவைகள் உண்டு. தோல் மெல்லியது, ரோமம் குட்டை, கொழுப்பு மிகக் குறைவு. முள்வேலியில் உரசினால் தோல் சட்டெனக் கிழியும். டைல்ஸ் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப் புண்ணாகும். தடிமனான படுக்கை வேண்டும். மார்கழிக் குளிரிலும் ஏசி அறையிலும் போர்வை தேடும். கரிசல் வெயிலில் பிறந்த நாய் என்பதால் வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். அதற்காக உச்சி வெயிலில் தகரக் கூரைக்கடியில் கட்டிப்போடலாம் என்று ஆகாது. கரிசல் காட்டில் அதற்கு வேப்பமர நிழலும் கண்மாய்த் தண்ணீரும் இருந்தன.

மருத்துவரிடம் போகும்போது சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இதே உடல்வாகு கொண்ட கிரேஹவுண்டு நாய்களுக்குச் சில வகை மயக்க மருந்துகள் உடம்பிலிருந்து இறங்க வெகுநேரம் ஆகும் என்பது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ரத்தத்தில் சிவப்பணு அளவும் அவற்றுக்கு மற்ற நாய்களைவிட இயல்பாகவே கூடுதல். எனவே அறுவை சிகிச்சை எதுவானாலும், “இது வேட்டை நாய் இனம், கொழுப்பு குறைவு” என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

நாட்டு நாய்க்கு நோயே வராது என்பதும் ஆபத்தான நம்பிக்கை. பார்வோ வைரஸ் எந்த இனத்துக் குட்டியையும் விட்டுவைப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசித் தவணைகள் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாத வயதில். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுக்க வரக்கூடியது. காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பார்த்துவிடுங்கள். குட்டை ரோமம் என்பதால் பார்ப்பது சுலபம்.

கூழும் கறியும்

“கூழ் குடிச்சு வளர்ந்த நாய் இது” என்று பெருமையாகச் சொல்வார்கள். கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும் ஊற்றி வளர்த்தது உண்மைதான். நாய்களால் மாவுச்சத்தைச் செரிக்க முடியும். ஓநாயிலிருந்து நாய் பிரிந்து வந்த பாதையில் அதற்கான மரபணுக்கள் பெருகியதை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் கூழ் மட்டுமே அந்த நாயை வளர்த்துவிடவில்லை. வேட்டையில் அதற்கும் பங்கு உண்டு. வயலில் எலியைப் பிடித்துத் தின்னும். அந்தப் பாதியை மறந்துவிட்டு வெறும் தயிர்சாதமும் பிஸ்கட்டும் போட்டால் தசை கரையும், ரோமம் மங்கும். முட்டை, கோழிக்கறி, மீன் என்று புரதம் தினமும் இருக்க வேண்டும். வேகவைத்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், கொடுக்காதீர்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் ஆகாது.

கூடவே ஒரு மனிதர்

காடு, வேலை, மனிதர் என்று முதலில் சொன்ன மூன்றிலும் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். காட்டிலும் மேட்டிலும் ஒரு மனிதரோடு அலைந்த நாய் இது. வீட்டில் ஒருவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டு அவர் காலடியிலேயே கிடக்கும். அதட்டலைத் தாங்காது. ஓங்கிய கையைக் கண்டால் சுருண்டு போய், நாள்கணக்கில் பக்கத்தில் வராது. பொறுமையாகவும் தீனி கொடுத்தும் சொல்லிக்கொடுத்தால் கூர்மையாகப் பிடித்துக்கொள்ளும்.

“கட்டிப்போட்டாத்தான் காவல் காக்கும்” என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சங்கிலியில் கிடக்கிற நாய்க்குத் தப்பி ஓட வழியில்லை. அதனால் பயம் வந்தால் கடிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. காவல் நாய் ஆள் தெரிந்து குரைக்க வேண்டுமென்றால் அது ஆட்களைப் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையான காலம் இதற்குப் பொன்னான காலம். குழந்தைகள், தாடிக்காரர்கள், குடை, குக்கர் விசில், ஆட்டோச் சத்தம் எல்லாம் அப்போது பழகிவிட்டால் பிறகு அஞ்சாது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விடக் கூடாது என்பதால், கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள்.

ராஜபாளையமும் அதன் காதும்

சிப்பிப்பாறையைப் பற்றியே பேசிவிட்டேன். ராஜபாளையம் கேட்பவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் தோலுக்கு நிறம் தருகிற அதே வகை அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் பகுதி சிதைந்துபோய்க் குட்டி செவிடாகிவிடும். டால்மேஷியன் முதலிய வெள்ளை நாய்களிலும் காண்பது இதுவே. வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளி விழுந்த குட்டிகளை ஒதுக்கியதும், நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததும் ராஜபாளையத்தில் இந்தக் குறையை ஆழப்படுத்தின. வாங்குபவர்கள் வெள்ளையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்வரை வளர்ப்பவர்களும் அதைத்தான் கொடுப்பார்கள். இதில் நம் பங்கும் இருக்கிறது.

குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து ஒலி எழுப்பிப் பாருங்கள். தரையில் தட்டக் கூடாது. அதிர்வைத் தெரிந்துகொண்டு எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் தனிச் சோதனை தேவை. செவிட்டு நாயையும் அன்பாக வளர்க்கலாம், கைச்சாடையில் பழக்கலாம். ஆனால் தெரிந்து வளர்ப்பது வேறு. தெரியாமல் வாங்கி, “சொல்பேச்சு கேட்கவே மாட்டேங்குது” என்று அடிப்பது வேறு.

கோம்பை தேனி மாவட்டத்து நாய். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற இனம். பலமான தாடை, அந்நியரை எளிதில் ஏற்காத குணம். விருந்தாளிகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீட்டுக்கும், முதல் முறையாக நாய் வளர்ப்பவருக்கும் அதை நான் சொல்வதில்லை.

வெளிநாட்டு இனங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது. அதன் இரட்டை ரோமத்துக்கு மதுரைச் சித்திரையில் வேலையில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ளும். பக்கின் நசுங்கிய மூக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இந்த இரண்டும், செயின்ட் பெர்னார்டு போன்ற இன்னும் சிலவும் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிடப்பட்டது இந்தக் காரணங்களால்தான்.

யாருக்கு ஒத்துவரும்?

அடைப்புள்ள தோட்டமோ பெரிய முற்றமோ இருக்கிற வீடு. விடியலில் எழுந்து நடக்கிற பழக்கம். பகலில் வீட்டில் ஒருவராவது இருப்பது. கோழி, பூனை வளர்க்காதது, அல்லது குட்டியிலிருந்தே அவற்றோடு பழக்குகிற பொறுமை. இவை இருந்தால் சிப்பிப்பாறையைப் போல ஒரு துணை கிடைப்பது அரிது. அதிகம் குரைக்காது, சுத்தமாக இருக்கும், உங்கள் முகத்தைப் படித்துவிடும்.

அடுக்குமாடியில் வளர்க்கவே முடியாதா என்றால், முடியும். தினமும் தவறாமல் வெளியே கூட்டிப்போய் அடைப்புள்ள மைதானத்தில் ஓடவிட ஒருவர் வேண்டும். மழை நாளிலும், பரீட்சை நாளிலும், தீபாவளிக்கு ஊருக்குப் போகிற நாளிலும் அந்த ஒருவர் யார் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். “குழந்தைகள் பார்த்துக்குவாங்க” என்ற பதிலை ஏற்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் அந்த நாய் உங்கள் வீட்டில் இருக்கும்.

பேசிப் பார்த்ததில் ஒத்துவராது என்று தெரிந்தால் தெருவில் பிறந்த நாயை எண்ணிப் பாருங்கள். சென்னையில் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்களும் தத்துக்குக் கிடைக்கும். வளர்ந்த நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அமைதியானதா, குழந்தைகளோடு ஒட்டுமா என்று பார்த்தே எடுக்கலாம்.

போய்ப் பாருங்கள்

ஒத்துவரும் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். குட்டியின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். தாய் ஆளைக் கண்டு நடுங்கினால் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். எந்தக் கடுவனோடு சேர்த்தார்கள், இரண்டுக்கும் என்ன உறவு, தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு விதிகள்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போடக் கூடாது. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவரிடம் வாங்காதீர்கள். அக்கறையுள்ள வளர்ப்பாளர் உங்களையும் திருப்பிக் கேட்பார்: வீடு எப்படி, யார் இருக்கிறார்கள், எங்கே ஓடவிடுவீர்கள் என்று.

அங்கே போனதும் குட்டிகள் இருக்கும் கொட்டிலை விட்டு முதலில் பெரிய நாய்களிடம் போங்கள். தோட்டத்தில் அவிழ்த்துவிடச் சொல்லி அந்த ஓட்டத்தைப் பாருங்கள். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவது அதைத்தான். முதல் முறை போகும்போது முன்பணம் எடுத்துப் போகாதீர்கள். குட்டியை மடியில் வாங்கிய பிறகு நிதானமாக யோசிப்பவர் யாரும் இல்லை. ஊருக்குத் திரும்பி, உங்கள் தெருவையும் மதிலையும் உங்கள் காலை நேரத்தையும் ஒரு வாரம் அந்த நாயின் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மனம் சரியென்றால் மறுபடி போய் அழைத்து வாருங்கள்.